ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையும் சட்டக் கல்வியும்

ஒரு சமூகம் தலையெடுத்து வாழவேண்டுமாயின் அச்சமூகத்தாருள் சிலரேனும் நாட்டின் சட்டத்தை ஓதியுணர்ந்தவராதல் வேண்டும் என்பது நம் முன்னோர் அனுபவத்தாற் கண்ட உண்மையாகும். நிலத்தைப் பற்றியோ, நீர்ப்பாய்ச்சலைப் பற்றியோ, கோயிலுரிமையைப் பற்றியோ, கடனைப் பற்றியோ வழக்கு நேர்ந்தவிடத்து, பத்திரத்தின் வாசகத்தைப் படித்துப் பொருள் கூற நம்மவர் ஒருவரும் இல்லாமையால் கைப்பொருளும் காணியும் இழந்து வருந்தினார் எத்தனையோ பேர். நியாயஸ்தலத்தில் வாதாடுவோர் சட்டத்தின் பயனை அறிவர். சட்டசபையில் அமர்வோர் அச்சட்டத்தை ஆக்குவர். ஆதலின் சட்டமும் ராஜீய சாஸ்திரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே எனல் பொருந்தும்.

இவ்விரண்டையும் இளமையிற் கற்பதற்குரிய வாயில், புகழ்பெற்ற கிறிஸ்தவ சர்வகலாசாலை ஒன்றில் யார் யார்க்கு எவ்வெப்போது திறந்தது என்னும் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்க விரும்புகின்றோம். இஃது அயல்நாட்டார் கதையாயினும், சங்கமாகக் கூடிக் கல்வி நிதி வளர்த்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு இதனால் அறியக் கிடப்பன பல உள.

இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரில் 1096-ஆம் ஆண்டிலேயே ஒருவகைக் கல்வி போதனை நடைபெற்றது என்பர். அங்குள்ள சர்வகலாசாலை தொடக்கமுதல் கிறிஸ்து மதத்தோடு பின்னிப் பிணைந்தே வளர்ந்தது. அதன் முத்திரை வாசகம் கிறிஸ்தவ வேதத்தின் சங்கீதப் பகுதியினின்றும் எடுக்கப்பட்டது. ஆண்டின் மூன்று படிப்புப் பருவங்களுள் மிக்கேல்மஸ் என்பது மிக்கேல் என்னும் தேவதூதரின் திருநாளாலும், ஹிலரி என்பது அப்பெயருடைய அடியாரின் திருநாளாலும், திரினிட்டி என்பது கிறிஸ்தவரின் திரித்துவக் கொள்கையைக் கொண்டாடும் திருநாளாலும் பெயர் பெற்றன. கிறைஸ்ட் சர்ச் என்னும் கல்லூரியின் கோயிலே அந்த மறைமாவட்டத்துத் தலைமைக் கோயிலாகவும் விளங்குகின்றது. இத்தகைய இடத்தில் மதமும் கல்வியும் வேறு வேறாக நில்லாமை வியப்பன்று.

ஆயினும் எல்லாக் கிறிஸ்தவர்க்கும் அங்கே இடமிருந்தது என்று கருதலாகாது. எட்டாம் ஹென்றி அரசன் காலத்தில் இங்கிலாந்து ரோமாபுரிப் போப்பினின்றும் பிரிந்து தனித் திருச்சபை கண்டது. அச்சபையின் கொள்கைகள் முப்பத்தொன்பது பிரிவுகளாக 1571-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டன. 1581-ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டில் மாணவனாகப் பெயர் பதியும்போதே அம்முப்பத்தொன்பதையும் ஏற்றுக் கையொப்பமிடவேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. ரோமன் கத்தோலிக்கரும், திருச்சபையிற் சேராத புரோட்டஸ்டண்டுகளும், யூதரும் இதனால் வாயிற்படியிலேயே தடுக்கப்பட்டனர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலோ, சேர்ந்து படிக்கத் தடையில்லை. பட்டம் வாங்கும்போதே தடை குறுக்கிட்டது. முன்னதில் உள்ளே புகவொண்ணாது. பின்னதில் புகுந்து கற்றும் பயன் பெறவொண்ணாது. இவ்வேற்பாடு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

இனி, அங்கே கற்பிக்கப்பட்ட சட்டம் எத்தகையது என்பதைக் காண்போம். நெடுங்காலம் வரை ஆக்ஸ்போர்டில் ஓதப்பட்டது ரோமாபுரிச் சட்டமே. இங்கிலாந்தின் நியாயஸ்தலங்களில் வழங்கிய பொதுச் சட்டத்தைக் கற்க விரும்பினோர் லண்டனிலுள்ள வழக்கறிஞர் விடுதிகளுக்கே செல்ல வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றியவர் வில்லியம் பிளாக்ஸ்டன் என்பவர். ஆல் சோல்ஸ் கல்லூரியைச் சேர்ந்த அவர் 1753-ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றத் தொடங்கினார். சட்டத் தொகுப்பு நூலொன்றைப் பல்லாண்டு உழைத்து இயற்றிய சார்லஸ் வைனர் என்பவர் தம் செல்வத்தைச் சர்வகலாசாலைக்கு எழுதிவைத்து 1756-ஆம் ஆண்டில் காலமானார். அந்நிதியைக் கொண்டு 1758-ஆம் ஆண்டில் ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட, பிளாக்ஸ்டனே அதில் முதன்முதல் அமர்ந்தார். அவர்தம் விரிவுரைகளே 1765 முதல் 1769 வரை நான்கு பாகங்களாக வெளிவந்து, பின்னர் அமெரிக்கா வரையிற் சென்று, வழக்கறிஞர் பல்லோர்க்கு முதல் நூலாயின. தனி மனிதர் ஒருவர் விட்டுச்சென்ற கல்வித் தருமம் ஒரு சாஸ்திரத்திற்கே இருப்பிடம் தந்தது என்பதை நம் அன்பர்கள் கருதிப் பார்ப்பாராக.

அச்சொற்பொழிவுகளைக் கேட்டவருள் ஜெரமி பெந்தாம் என்னும் இளைஞர் ஒருவர். அவர் தமது பன்னிரண்டாம் வயதில், 1760-ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டு குவீன்ஸ் கல்லூரியிற் சேர்ந்தவர். முப்பத்தொன்பது பிரிவுகளைப் பற்றி அவர் உள்ளத்தில் ஐயங்கள் எழுந்தன. ஆயினும் கையொப்பமிட்டாலன்றிப் படிப்பு நடவாது, ஆதலின் இட்டார். மனம் ஒப்பாது இட்ட அக்கையொப்பத்தைப் பற்றிப் பிற்காலத்தில் மிக்க வருத்தத்தோடு எழுதினார். ஆசிரியர் பிளாக்ஸ்டன் உள்ள சட்டத்தைப் போற்றி விளக்கினார். மாணவர் பெந்தாமோ, உள்ள சட்டம் நல்லதாதல் வேண்டுமே என்று கேட்டு, 1776-ஆம் ஆண்டில் ஆசிரியரின் கொள்கையை மறுத்து ஒரு நூல் வெளியிட்டார். சட்டத்தை மக்கள் நன்மையாகிய தராசில் இட்டு நிறுக்கும் ஆராய்ச்சி அவர் வழியாய்ப் பரவிற்று. அவர் கொள்கையைப் பின்பற்றியோர் முயற்சியால் 1826-ஆம் ஆண்டில் லண்டனில் மதப் பிரமாணம் ஒன்றும் வேண்டாத ஒரு கலாசாலை தோன்றியது. அங்கே நியாய சாஸ்திரம் கற்பிக்க ஜான் ஆஸ்டின் அமர்த்தப்பட்டார். ஆக்ஸ்போர்டில் இடம் மறுக்கப்பட்டோர்க்கு லண்டன் இடம் தந்தது.

நிற்க, லண்டன் இருக்க ஆக்ஸ்போர்டை விடாது கேட்டதேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை ராஜீயத்தில் உள்ளது. 1604-ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானங்கள் இருந்தன. அவற்றிற்கு வாக்களிக்கும் உரிமை எம்.ஏ. பட்டம் பெற்றுச் சர்வகலாசாலையின் பெருஞ்சபையில் இடம்பெற்றவர்க்கே உரியது. ஆகவே பிரமாணத்திற் கையொப்பமிடாதவன் புத்தகப் படிப்பை இழந்ததோடு, பட்டதாரி என்னும் முறையில் நாட்டின் சட்டத்தை ஆக்குவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் இழந்தான். மந்திரிகளும் நீதிபதிகளும் ஒருவரையொருவர் இளமையில் அறிந்து பழகிய இடமும் அதுவே. இவ்விரு ஸ்தானங்களும் 1950-ஆம் ஆண்டுத் தேர்தலோடு மறைந்தன என்பதையும் உடன் குறித்து வைக்கின்றோம்.

தடையை நீக்கும் முயற்சி எளிதில் நிறைவேறவில்லை. 1834-ஆம் ஆண்டில் திருச்சபைக்குப் புறம்பானவரைச் சர்வகலாசாலைகளிற் சேர்க்கும் மசோதா காமன்ஸ் சபையில் நிறைவேறியும், பிரபுக்கள் சபையில் தோல்வியுற்றது. பின்னர் இருபதாண்டு கழிந்தது. 1854-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு சீர்திருத்த மசோதா பார்லிமெண்டுக்கு வந்தபோது, ஜேம்ஸ் ஹேவுட் என்னும் அங்கத்தினர் பிரமாணத்தை நீக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். அவர் யூனிட்டேரியன் சமயத்தினர். கேம்பிரிட்ஜில் படித்துத் தேறியும் மதத் தடையால் உரிய காலத்தில் பட்டம் பெறாதிருந்தவர். தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படாவண்ணம் தடுக்கவேண்டும் என்னும் எண்ணமே அவர்க்குத் துணையாயிற்று போலும். அச்சட்டத்தால் ஆக்ஸ்போர்டில் சேர்வதற்கும் பி.ஏ. பட்டம் பெறுவதற்கும் இருந்த தடை ஒழிந்தது. ஆயினும் எம்.ஏ. பட்டமும், கல்லூரிகளின் ஆசிரியப் பதவிகளும், சபையில் வாக்குரிமையும் இன்னும் திருச்சபையார்க்கே உரியனவாய் நின்றன.

எஞ்சிய தடையை நீக்கிய சட்டம் 1871-ஆம் ஆண்டில் பிறந்தது. அதனை நிறைவேற்றிய பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் இளமையில் இத்தகைய மாறுதல்களை எதிர்த்து நின்றவர். பதினெட்டாண்டு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பிரதிநிதியாய்ப் பார்லிமெண்டில் அமர்ந்து, 1865-ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஸ்தானத்தை இழந்தவர். அச்சட்டத்தின்படி மத சாஸ்திரப் பட்டங்களும் குருமார்க்குரிய சில பதவிகளும் நீங்கலாக, ஏனைய பட்டங்களும் பதவிகளும் எம்மதத்தார்க்கும் திறந்துவிடப்பட்டன. கல்லூரிக் கோயில்களில் வழிபாடு முன்போல் நடைபெற்றது; குருமார் கற்பித்தனர்; பருவங்களின் பெயர்கள் மாறவில்லை. கிறிஸ்தவ சர்வகலாசாலை என்னும் தன்மையை முற்றும் இழவாமலே அது பிறர்க்கும் இடம் தந்தது. வாயிலைத் திறந்தால் வீடு பாழாகும் என்று அஞ்சினோர் அச்சம் வீணாயிற்று.

வாயில் திறந்த காலத்தே சட்டக் கல்வியும் செழித்தது. 1850-ஆம் ஆண்டில் சட்டமும் நவீன சரித்திரமும் ஒன்றுசேர்ந்த பாடப்பிரிவு ஏற்பட்டிருந்தது. 1872-ஆம் ஆண்டில் சட்டம் தனிப் பிரிவாயிற்று. இளமாணவர் ரோமச் சட்டம், இங்கிலாந்துச் சட்டம், நியாய சாஸ்திரம் ஆகியவற்றைப் பயின்றனர். குறித்த பொருள்பற்றிக் கட்டுரை எழுதி ஆசிரியர் முன்னிலையிற் படித்துக் காட்டி, அவர் எழுப்பும் தடைகளுக்கு விடையிறுத்தலே அங்குள்ள போதனா முறை. மனப்பாடம் செய்து ஒப்பித்தலினும் இது கடினம். வாதத் திறமையை வளர்ப்பதற்கு இதனிற் சிறந்த பயிற்சி அரிது. 1882-ஆம் ஆண்டில் வைனர் பேராசிரியரான டைசி, ராஜ்யத்தின் அமைப்புச் சட்டத்தைப் பற்றி 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ராஜீய சாஸ்திரத்தார்க்கும் சட்டத்தார்க்கும் பொதுவாய் நின்றது. ஆளுவோரும் சட்டத்திற்கு அடங்கியவரே என்னும் கொள்கையை அந்நூல் வற்புறுத்திற்று. 1920-ஆம் ஆண்டில் தத்துவம், ராஜீயம், பொருள்நூல் ஆகிய மூன்றையும் இணைத்த புதிய பட்டப் படிப்பும் அங்கே தோன்றியது.

திறந்த வாயிலிற் புகுந்தோர் அடைந்த பயனுக்கு ஒருவரைச் சான்றாகக் காட்டுவோம். ஆஸ்க்வித் என்பவர் 1852-ஆம் ஆண்டில் யார்க்ஷயர் பகுதியிற் பிறந்தவர். தந்தை கம்பளி வணிகர். குடும்பம் திருச்சபைக்குப் புறம்பான காங்கிரிகேஷனல் வகுப்பைச் சேர்ந்தது. இளமையிலே தந்தையை இழந்த அவர், உபகாரச் சம்பளம் பெற்று 1870-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியிற் சேர்ந்தார். மறு ஆண்டே தடைநீக்கச் சட்டம் வந்தது. 1874-ஆம் ஆண்டில் அக்கல்லூரியிலேயே ஆசிரியப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் பாரிஸ்டராகி, 1908-ஆம் ஆண்டில் பிரதம மந்திரியானார். 1834-ஆம் ஆண்டில் அவர்தம் வகுப்பார்க்கு வாயிலை மறுத்த பிரபுக்கள் சபையின் அதிகாரத்தை 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறைத்தது அவர் தலைமை வகித்த அரசாங்கமே. ஒரு வணிகர் மகனுக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் நாற்பது ஆண்டில் எங்கே கொண்டுசென்றது பாருங்கள்!

இனி, சரித்திரத்தின் மறுபக்கத்தையும் நோக்கல் வேண்டும். சர்க்கார் திறந்துவிட்ட வாயிலை ஒரு சமூகத்தாரின் பெரியோர்களே தம் பிள்ளைகளுக்கு அடைத்து வைத்தலும் உண்டு. ரோமன் கத்தோலிக்கர்க்கு ஆக்ஸ்போர்டிற் சேர 1854-ஆம் ஆண்டு முதல் சட்டத்தில் தடையில்லை. ஆயினும் புறச்சமயத்தாரோடு கூடிப் படித்தால் பிள்ளைகளின் விசுவாசம் கெடும் என அஞ்சிய அவர்தம் மேற்றிராணிமார் அங்கே செல்லலாகாதென்று தடுத்தனர். 1867-ஆம் ஆண்டில் ரோமாபுரியினின்றும் அவ்வாறே கட்டளை வந்தது. அக்கொள்கையில் உறுதியாய் நின்ற கர்தினால் மானிங், தாமே ஆக்ஸ்போர்டிற் பயின்றவர். தம்மவர்க்கெனத் தனிக் கலாசாலையொன்றை 1874-ஆம் ஆண்டில் அவர் நிறுவினார். அது சில ஆண்டுகளுக்குள் மறைந்தது. இறுதியில் கத்தோலிக்க இல்லறத்தார் பலர் விண்ணப்பித்துக்கொள்ள, 1895-ஆம் ஆண்டில் ரோமாபுரி அனுமதி தந்தது. மறு ஆண்டே இயேசு சபையார் அங்கே தம் மாணவர்க்கு ஒரு விடுதி கண்டனர். சட்டம் வாயிலைத் திறந்த பின்னும் நாற்பதாண்டு காலம் அச்சமூகத்து இளைஞர் பலர் வெளியே நின்றமைக்கு அயலார் காரணரல்லர். காங்கிரிகேஷனல் வகுப்பாரோ, 1886-ஆம் ஆண்டிலேயே தம் மதக் கல்லூரியை ஆக்ஸ்போர்டுக்கு மாற்றி, அங்குப் படிக்கும் தம் இளைஞர்க்கு ஆதரவாய் நின்றனர். அஞ்சித் தடுத்தலும், உடன்சென்று துணைநிற்றலும் ஆகிய இரண்டு வழிகளுள் எது பயன் தந்தது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மதத் தடை ஒழிந்தும் பெண்மக்களுக்கிருந்த தடை ஒழியவில்லை. 1879-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கென இரண்டு விடுதிகள் தோன்றின. ஒன்று திருச்சபைச் சார்புடையது. மற்றொன்று மத வேற்றுமை பாராத சாமர்வில். 1889-ஆம் ஆண்டில் இச்சாமர்விலிற் சேர்ந்தவரே நம் தேசத்துக் கொர்னீலியா சொராப்ஜி அம்மையார். 1866-ஆம் ஆண்டில் நாசிக்கில், பார்சி குலத்தினின்றும் கிறிஸ்தவரான ஒரு போதகரின் மகளாய்ப் பிறந்த அவர், பூனா டெக்கான் கல்லூரியிற் படித்துப் பம்பாய் சர்வகலாசாலையின் முதற் பெண் பட்டதாரியானார். பரீட்சையில் முதன்மையாய்த் தேறியும், பெண் என்னும் காரணத்தால் இங்கிலாந்து சென்று படிப்பதற்குரிய சர்க்கார் உபகாரச் சம்பளம் அவர்க்கு மறுக்கப்பட்டது. ஹாப்ஹவுஸ் சீமாட்டி, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் முதலியோர் கைப்பொருள் சேர்த்து உதவினர். ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்ற முதற் பெண்மணி அவரே. கல்கத்தா ஹைகோர்ட்டு நீதிபதியாயிருந்து பின் ஆக்ஸ்போர்டில் இந்தியச் சட்டம் கற்பித்த மார்க்பி அவர்க்கு ஆசிரியராயினார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் முதலியோர் முயற்சியால் சர்வகலாசாலைச் சபை தனித் தீர்மானம் நிறைவேற்ற, 1892-ஆம் ஆண்டில் அவர் சட்டப் பட்டப் பரீட்சை எழுதித் தேறினார். ஆயினும் பட்டம் வழங்கப்படவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு 1920-ஆம் ஆண்டிலேயே இசைந்தது. அம்மையார் தம் பட்டத்தைப் பெற்றது 1922-ஆம் ஆண்டில். பரீட்சைக்கும் பட்டத்திற்கும் இடையே முப்பது ஆண்டு!

அம்முப்பதாண்டும் அவர் வாளாவிருந்தாரல்லர். இந்தியா திரும்பி, 1904-ஆம் ஆண்டு முதல் வங்காளம் முதலிய மாகாணங்களில் கோர்ட் ஆப் வார்ட்ஸ் இலாகாவில் அமர்ந்து, அந்தப்புரம் விட்டு வெளிவாராத கைம்பெண்கள், அநாதைச் சிறார் ஆகியோரின் சொத்துரிமையைக் காத்தார். ஆடவரான வக்கீல்கள் அவர்களைக் கண்டு பேசுதலும் இயலாத காலம் அது. சொத்து இருந்தும், அதனைப் பற்றிய பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாத அப்பெண்களுக்கு, சட்டம் கற்ற ஒரு பெண்ணே துணையாயினார். மகாத்மா காந்தியின் இயக்கத்தை எதிர்த்த அவரது ராஜீயக் கொள்கை நமக்கு உடன்பாடன்று; ஆயினும் அவர் கற்ற கல்வியின் பயனை மறுக்கலாகாது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் பெண்கள் வக்கீல் தொழில் செய்வதற்கிருந்த தடை நீங்க, அவர் கல்கத்தாவில் வழக்காடத் தொடங்கினார். 1929-ஆம் ஆண்டில் சென்னையிலும் ஆனந்தபாய் அம்மையார் முதற் பெண் வழக்கறிஞராகப் பதிந்தார்.

இங்கே ஒன்றைச் சுட்டாது செல்லவியலாது. மதத் தடை நீங்கியதன் பயனைத் தாம் பெற்று உயர்ந்த ஆஸ்க்வித், பிரதம மந்திரியாயிருந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை தருதலை எதிர்த்து நின்றார். தமக்குத் திறந்த வாயிலைக் கடந்தவுடன் பின்வருவாரை மறத்தல் கற்றறிந்தோர்க்கும் எளிதாக நேர்வது. ஒரு சமூகத்திற்கும் அது நேரலாம்.

காலம் செல்லச் செல்ல நிகழ்ந்த மாறுதலையும் நோக்குக. திருத்தணியிற் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டு மதங்களையும் ஒழுக்கநூலையும் கற்பிக்கும் பேராசிரியரானார். பிளாக்ஸ்டன் வீற்றிருந்த ஆல் சோல்ஸ் கல்லூரியிலேயே அங்கத்தினராயினார். முப்பத்தொன்பது பிரிவுகளிற் கையொப்பமிடாதவன் மாணவனாதலும் கூடாதென்ற இடத்தில், ஓர் இந்து ஆசிரியராய் அமர்ந்தார்.

இனி நம் கடமையைக் கருதுவோம். இக்காலத்தில் நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிற் சேரலாம்; சட்டத்தோடு ராஜீய சாஸ்திரம், சரித்திரம், பொருள்நூல் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்கலாம். கிறிஸ்தவர் நடத்தும் கலாசாலைகள் சிலவற்றிலும் அப்படிப்பு உண்டு. பிற மதத்தாரும் அங்கே பயில்கின்றனர். மதத்தின் பெயரால் அஞ்சுவார்க்கு ஆக்ஸ்போர்டு சரித்திரமே விடையாகும். வைத்தியமும் பொறியியலுமே கல்வி எனப் பெற்றோர் பலர் எண்ணுங்காலத்தில், சட்டம் கற்க விழையும் பிள்ளைக்கு வீட்டிலும் சங்கத்திலும் ஊக்கம் தருவார் வேண்டும்.

ஆதலின் நிர்வாக சபையாரின் ஆலோசனைக்கு மூன்று செய்திகளை வைக்கின்றோம். முதலாவது, நமது கல்வி நிதியினின்றும் வழங்கும் உபகாரச் சம்பளங்களுள் ஒன்றேனும் சட்டமும் ராஜீய சாஸ்திரமும் பயில்வார்க்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, அது ஆண், பெண் என்னும் வேற்றுமையின்றி வழங்கப்படுதல் வேண்டும். வெளியூர் சென்று படிக்கும் பெண்பிள்ளைக்கு விடுதிச் செலவும் சேர்த்துத் தரப்படுமாயின், பெற்றோரின் தயக்கத்திற் பாதி குறையும். மூன்றாவது, சிலர்க்கு உடன்பாடில்லாததாய்த் தோன்றலாம், ஆயினும் கூறுவோம். நமது மாணவர் விடுதியில் ஓரிடமேனும் பிற சமூகத்து ஏழை மாணவர் ஒருவர்க்கு அளிக்கப்படுதல் வேண்டும். நம் நிதி நம்மவர்க்கே போதாதே என்பார் உளர். அவர்கள் கவலை நியாயமானதே. ஆயினும் பிறர் திறந்த வாயிலாற் பயன்பெற்ற நாம் ஒரு வாயிலையேனும் திறந்து வைத்தல் நம் சங்கத்திற்கு இழிவாகாது, பெருமையே தரும்.

வைனர் என்னும் ஒரு மனிதர் எழுதிவைத்த நிதி இரண்டரை நூற்றாண்டு கடந்தும் அவர் பெயரால் ஒரு பேராசிரியர் பதவியைத் தாங்கி நிற்கின்றது. நம்முள் செல்வமுடையார் தத்தம் தாய் தந்தையர் பெயரால் சட்டக் கல்விக்கு ஒரு நிதி வைப்பாராயின், அப்பெயர் கல்லிற் பொறித்ததனினும் நெடிது நிற்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இப்பொருள் ஆராயப்படும் என நம்புகின்றோம். அன்பர்கள் தத்தம் கருத்தை அதற்குள் எழுதியனுப்புவாராக. பத்திரத்தின் வாசகம் தெரியாது காணி இழந்தோர் கதை நம் வீடுகளில் இனி நிகழாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.